வலிப் பங்கு

தணிகாசலம் எங்கள் சங்கத்து வாசலில் வந்து நின்ற அன்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. பதினைந்து வருஷமாக அவனைப் பற்றி நல்ல செய்தியாகத்தான் என் காதில் விழுந்துகொண்டிருந்தது. கார் வாங்கினான், மாடி கட்டினான், மகனுக்கு ஊரைக் கூட்டிக் கல்யாணம் செய்தான். எந்தக் கோர்ட்டும் அவனைத் தொடவில்லை. இப்போது அதே தணிகாசலம் இரண்டு கையாலும் ஒரு தடியைப் பிடித்துக்கொண்டு, முதுகை நிமிர்த்த முடியாமல் என் வாசலில் நிற்கிறான். கொஞ்ச நேரம் நிற்கட்டும் என்று விட்டுவிட்டு நான் உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

உப்புமேடு வடசென்னையின் கடைசி ஓரத்தில் இருக்கிறது. மில் மூடியது, துறைமுகத்தில் ஆட்களுக்குப் பதில் இயந்திரங்கள் சுமை இறக்கத் தொடங்கின, கடல் இரண்டு தெரு உள்ளே வந்தது. பஸ் கூட எங்கள் பக்கம் திரும்புவதை நிறுத்திக்கொண்டது. அந்தக் காலத்தில் மில் வளாகத்துக்குள் குடிசை போட்டிருந்தவர்கள் நாங்கள். எங்களைக் காலி செய்து கிடங்கு கட்ட நினைத்த ஒரு கம்பெனி, அந்த வேலையைத் தணிகாசலத்திடம் விட்டது. அவன் பேசிப் பார்த்தான், மிரட்டிப் பார்த்தான், கடைசியில் பட்டப்பகலில் ஆள் விட்டுத் தீ வைத்தான். என் வீட்டுக்காரர் முனிரத்தினம் பக்கத்துக் குடிசையில் இருந்த ஏழு வயசு ஷகிலாவை வெளியே தள்ளிவிட்டார். அவர் வெளியே வரவில்லை. என் முந்தானை பற்றிக்கொண்டு இடது தோளிலிருந்து முதுகுவரை வெந்துபோனேன். கம்பெனி சொன்ன கிடங்கும் வரவில்லை.

எரிந்த இடத்தில்தான் எங்கள் சங்கத்தை ஆரம்பித்தோம். மில்லின் பழைய பாய்லர் கொட்டகை ஒன்று மட்டும் தீயில் தப்பியிருந்தது. பெரிய ஆஸ்பத்திரியின் படுக்கை விரிப்புகளையும் தலையணை உறைகளையும் அதில் துவைத்துக் கொடுக்க ஆரம்பித்தோம். முதலாளி என்று தனியாக யாரும் கிடையாது, துவைக்கிறவர்கள்தான் முதலாளிகள். வருஷங்கள் போகப் போக இருநூறு பேர் ஆனோம். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் இடம் வந்தது, டீக்கடை வந்தது, தெருவிளக்கு எரிந்தது. போன பஸ்ஸும் வெட்கமில்லாமல் திரும்பி வந்தது. உப்புமேட்டுக்காரர் யார் வந்து கேட்டாலும் சங்கத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்ற விதியைச் சங்கத் தலைவியாக எழுதியவள் நான்தான். இவனும் உப்புமேட்டுக்காரன்தான், ஆனால் எழுதும்போது இவன் முகம் ஞாபகத்துக்கு வரவில்லை.

"இன்னா வேணும்?" என்று கேட்டேன்.

"வேலைக்கு வந்துகீறேன்னு பொய் சொல்ல மாட்டேன் நவநீதம். முதுகெலும்புல புத்து. ஆஸ்பத்திரி மாத்திரை எதுவும் இப்ப கேக்கறது இல்ல. உங்க சங்கத்துல கைல பட்டை கட்டுனா வலி கொறையுதாமே. என்னையும் சேத்துக்கோ."

என் பக்கத்தில் ஜெபமணி நின்றிருந்தாள். ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துவிட்டு எங்களோடு சேர்ந்தவள், பட்டைகளும் பெட்டியும் அவள் பொறுப்பு. வந்திருப்பவன் யார் என்று அவளுக்குத் தெரியாது. அதனால் பொறுமையாக விளக்கினாள்.

"குறையாது பெரியவரே, பிரியும். பட்டை உங்க நரம்புல ஓடுற வலியை எடுத்துப் பெட்டிக்கு அனுப்பும். பெட்டி அதைப் பட்டை போட்டிருக்கிற எல்லாருக்கும் சமமா பிரிச்சுடும். இருநூறு பேருக்குப் பிரிச்சா உங்களுக்கு எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும். ஆனா மத்தவங்க வலியும் உங்களுக்குக் கொஞ்சம் வரும். இவருக்கு வேணாம், அவருக்கு மட்டும்னு பெட்டிக்குச் சொல்ல முடியாது. பிடிக்கலைன்னா பட்டையைக் கழட்டிட வேண்டியதுதான்."

நாள் முழுக்க நின்று வேலை செய்பவர்கள் என்று ஆஸ்பத்திரி டாக்டரம்மா ஒருவர் அந்தப் பெட்டியை எங்களுக்குப் பரிசோதனைக்காகக் கொடுத்திருந்தார். பரிசோதனை முடிந்த பிறகும் நாங்கள் திருப்பித் தரவில்லை, அவரும் கேட்கவில்லை. பட்டை வந்த பிறகு எங்கள் ஆட்களுக்கு ஒருவரை ஒருவர் வலியிலேயே அடையாளம் தெரிந்தது. மாடிப்படியில் முட்டி இழுத்தால் எத்திராஜ் ஏறுகிறார் என்று அர்த்தம். பல் பிடுங்க ஞாயிற்றுக்கிழமைதான் போக வேண்டும் என்பது எழுதாத சட்டம், வேலை நாளில் இருநூறு தாடையும் சேர்ந்து லேசாக வலித்தால்கூட ஆஸ்பத்திரிக்கு விரிப்பு போகாது. திங்கட்கிழமை காலையில் தலை கனத்தால் பெண்கள் எல்லோரும் இஸ்திரி மேஜையில் நிற்கும் ஆண்களைத் திரும்பிப் பார்ப்பார்கள். பாதி பேர் அதற்குப் பயந்தே குடியை விட்டார்கள்.

பட்டை போடாதவள் நான் ஒருத்திதான். மழை நாளிலும் பாய்லர் சூட்டிலும் என் தோள் இன்றைக்குத்தான் வெந்ததுபோல் எரியும். அது என்னுடையது. முனிரத்தினம் எனக்கு விட்டுப்போனது அந்த எரிச்சலும் என் கோபமும்தான், ஒன்றுக்கு ஒன்று தீனி போட்டு நான் வளர்த்து வந்தேன். அதை இருநூறாகப் பிரித்துவிட்டால் எனக்கென்று என்ன மிஞ்சும்?

ஞாயிற்றுக்கிழமை இஸ்திரிக் கூடத்தில் கூட்டம் போட்டோம். எத்திராஜ் எழுந்து, அவனை உள்ளே விடுவதற்குப் பதில் பாய்லரில் போடலாம் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் எழுந்து நின்று அவனைச் சேர்த்துக்கொள்வோம் என்று சொன்னதும் தட்டிய கைகள் அப்படியே நின்றன.

"விதி விதிதான். ஆனா பட்டை போட்டே ஆவணும்னு எந்த விதியும் இல்ல. நாளைக்கு அவன் கட்டிக்குவான். நாம அல்லாரும் கயட்டி ஆணில மாட்டிடுவோம்" என்றேன்.

புரிய ஒரு நிமிஷம் ஆனது. பிறகு எத்திராஜ் சிரிக்க ஆரம்பித்தார், கூடம் முழுக்க அந்தச் சிரிப்பு பரவியது. தையல் பிரிவில் இருந்த ஷகிலா மட்டும் எட்டு மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "என் பிரசவத்துக்கு அல்லாரும் பங்கு எடுத்துக்கிறதா சொன்னீங்களே அக்கா?" என்று கேட்டாள். அதற்குள் அவன் போய்ச் சேர்ந்துவிடுவான் என்று நான் அவளுக்கு வாக்குக் கொடுத்தேன்.

கூட்டம் கலைந்ததும் எனக்கும் ஒரு பட்டை வேண்டும் என்று ஜெபமணியிடம் கேட்டேன். அவளுக்கு ஆச்சரியம். ஒருத்தர்கூட இல்லாவிட்டால் முழு வலியும் அவனுக்கே, நீங்கள் போட்டுக்கொண்டால் பாதி உங்களுக்கு வந்துவிடுமே என்றாள்.

"வரட்டும். அவன் எவ்ளோ துடிக்கிறான்னு எனக்குத் தெரியணும். அடுத்தவங்க வந்து சொல்லி நான் கேட்டுக்கிற விஷயம் இல்ல இது."

மறுநாள் காலை அவனை மடிப்பு அறையில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, தலையணை உறை மடிக்கிற வேலையைக் கொடுத்தோம். ஜெபமணி அவன் மணிக்கட்டில் பட்டையைப் பூட்டினாள். நான் பாய்லர் பக்கம் போய் என்னுடையதைப் பூட்டிக்கொண்டேன். அடுத்த நொடி என் முதுகெலும்பை யாரோ கையில் பிடித்து முறுக்கியதுபோல் இருந்தது. குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இதுதான் பாதி என்று நினைத்துப் பார்த்தேன். இதே பாதி அவனுக்கும் மிச்சம் இருக்கிறது என்று நினைத்தபோது எனக்குத் தெம்பு வந்தது. அன்றைக்கு நான் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்.

ஆனால் வேறொன்றும் நடந்திருந்தது. அதைக் கவனிக்க எனக்குச் சாயங்காலம்வரை ஆயிற்று. பாய்லர் பக்கத்திலேயே நின்றும் என் தோள் அவ்வளவாக எரியவில்லை.

நாலைந்து நாள் கழித்து அவனே கூப்பிட்டு அனுப்பினான். மடிப்பு அறைக்குப் போனபோது சட்டையின் இடது பக்கத்தைக் கையால் விலக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். துணி பட்டால் எரிகிறதாம்.

"எறும்பு கடின்னாங்க. இது எறும்பு கடி இல்ல. இந்தப் பெட்டில ரெண்டே பேர்தான் கீறோம்னு எனக்கு மொத நாளே தெரிஞ்சுபோச்சு. நீயும் நானும்."

"நான்னு இன்னா தெரியும் உனக்கு?"

"தோளு. இடது தோள்லேந்து முதுகு வரிக்கும். உன் முந்தானை பத்திக்கினது அங்கதானே. நான் ஜீப்புல ஏறச்சொல்ல பாத்தேன்."

பார்த்திருக்கிறான். பார்த்துவிட்டு ஏறியிருக்கிறான். பதினைந்து வருஷமாக இது எனக்குத் தெரியாது. அவன் ஆளை ஏவிவிட்டு எங்கேயோ உட்கார்ந்திருந்தான் என்றே நினைத்திருந்தேன்.

"இது இப்பிடி எரியும்னு தெரியாது நவநீதம். பட்டையைக் கயட்டிடு. உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது" என்றான்.

"நீ கயட்டேன்."

அவன் கை பட்டைப் பக்கம் போகவில்லை. அவன் கழற்றினால் தோள் போய்விடும், முதுகெலும்பு முழுசாகத் திரும்பி வரும். நான் கழற்றினாலும் அதேதான், ஆனால் அவன் கையில் பட்டை இருந்தால் மற்றவர்கள் திரும்பப் பூட்டும் நாளில் அவன் வலி பிரியும், அந்தக் கணக்கில்தான் என்னைக் கழற்றச் சொல்கிறான். அதுவரை அவனுக்கு முதுகெலும்பு முழுசாக வருமே என்று கேட்டேன். அது கடவுள் கொடுத்த வலி, பொறுத்துக்கொள்வேன், இந்த எரிச்சலைத்தான் பொறுக்க முடியவில்லை என்றான்.

எனக்கு வயிறு குளிர்ந்துபோயிற்று. என் தோள் அவனிடம் போகும் என்று பட்டை போடும்போது நான் யோசிக்கவே இல்லை. என் வலி எனக்குள்ளேயே இருக்கும், அவன் வலிதான் வரும் என்று முட்டாள்தனமாக நினைத்திருந்தேன். இப்போது தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து தோளுக்குத் தடவும் களிம்பை நிறுத்தினேன். விரிப்புகளைத் தேய்க்கும் நீராவி அச்சுக்குப் பக்கத்தில் இடது தோளைக் காட்டிக்கொண்டு நின்றேன். ஆவி அடிக்கும்போது எனக்குக் கண் இருட்டும், அதே நேரம் மடிப்பு அறையிலிருந்து அவன் முனகல் கேட்கும். இன்னும் கொஞ்சம் நெருங்கி நிற்பேன். பைத்தியம் என்று சொல்லுங்கள், பரவாயில்லை. தினமும் காலையில் வேலைக்கு வர எனக்கு அப்படி ஓர் ஆசை அதற்கு முன்னால் இருந்ததில்லை.

ஆனால் மற்றவர்கள் தேய்ந்துகொண்டிருந்தார்கள். எத்திராஜ் மாடிப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார். இஸ்திரிப் பெண்கள் மத்தியானத்துக்குள் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்கள். வலி பங்கு போய்ப் பழகிய உடம்புகளுக்குத் தங்கள் சொந்த வலியே புதிதாக இருந்தது. ஆஸ்பத்திரியின் ஆளில்லா வண்டி வாசலில் காத்திருந்து பாதி சுமையோடு திரும்பிப் போனது. இப்படியே போனால் வேறு இடம் பார்ப்போம் என்று ஆஸ்பத்திரியிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். ஜெபமணி என்னிடம் வந்து, அவனுக்கு வைத்த தீயில் சங்கம் எரிகிறது என்றாள். இன்னும் கொஞ்ச நாள்தான் என்றேன். அவன் சாகிற வழியாகத் தெரியவில்லை. பாதி வலி போனதால்தான் அவன் பிழைத்துக் கிடக்கிறான் என்று அவள் சொன்னபோது எனக்கு அவள்மேல் கோபம் வந்தது.

ஷகிலாவுக்கு டாக்டர் சொன்ன நாளுக்கு முன்பே பனிக்குடம் உடைந்தது. மத்தியான நேரம், கடல் ஏறியிருந்தது. ரோட்டில் இடுப்பளவு தண்ணீர் நின்றதால் ஆம்புலன்ஸ் வர முடியவில்லை, படகில் நர்ஸை அனுப்புகிறோம் என்றார்கள். பிள்ளைகள் தூங்கும் அறையில் அவளைப் படுக்க வைத்தோம். அவள் போட்ட சத்தத்தில் இயந்திரங்களை ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டு எல்லோரும் வாசலில் வந்து கூடிவிட்டார்கள். கதவுக்குப் பக்கத்துச் சுவரில் வரிசையாக ஆணிகள், ஒவ்வோர் ஆணியிலும் ஒரு பட்டை. யாரும் கை நீட்டவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"சொல்லுங்கம்மா, எல்லாரும் போட்டுக்கட்டும்" என்றாள் ஜெபமணி.

சொல்லியிருக்க வேண்டும். ஆனால் இவர்கள் பூட்டிய அந்த நொடியில் அவன் முதுகெலும்பும் இருநூறாகப் பிரியும், என் தோளும் அவனைவிட்டுப் போகும். அவன் நாற்காலியில் சாய்ந்து நிம்மதியாக மூச்சு விடுவான். அந்த மூச்சை நினைத்ததும் என் வாய் திறக்கவில்லை. நர்ஸ் இப்போது வந்துவிடுவாள், கொஞ்சம் பொறுத்துக்கொள் என்று ஷகிலாவிடம் சொன்னேன்.

அவள் என்னைப் பார்த்தாள். முனிரத்தினம் நெருப்பிலிருந்து வெளியே தள்ளிவிட்ட அதே முகம்.

"உன் பழிக்கு என் இடுப்பையும் எழுதிக் குடுத்துட்டியா அக்கா? மாமா இருந்தா இத்தச் சொல்லியிருப்பாரா?"

அவள் ஜெபமணியின் கையிலிருந்த பட்டையைப் பிடுங்கித் தன் மணிக்கட்டில் பூட்டிக்கொண்டாள்.

இப்போது பெட்டியில் நாங்கள் மூன்று பேர். என் இடுப்பு பிளந்தது, நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மடிப்பு அறையில் தணிகாசலம் அலறினான். அவனுக்குப் பிரசவ வலி என்று புரிந்தபோது, அந்த நிலையிலும் எனக்கு ஒரு கணம் இனித்தது. உடனே ஷகிலாவைப் பார்த்தேன். அவள் முகம் வெளுத்து, முதுகு வில்லாக வளைந்திருந்தது. அவளுடைய வலியில் மூன்றில் ஒரு பங்கு குறைந்து எனக்கு வந்தது, இன்னொரு பங்கு அவனுக்குப் போனது. ஆனால் அவன் புற்றில் ஒரு பங்கும் என் தோளில் ஒரு பங்கும் அவளுக்கு வந்துவிட்டது. குழந்தை பெறுகிறவள் தலையில் எங்கள் இரண்டு பேரின் குப்பையும் விழுந்திருக்கிறது.

எத்திராஜ்தான் முதலில் ஆணிப் பக்கம் போனார். என்னிடம் கேட்கவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. பட்டையை எடுத்துப் பூட்டிக்கொண்டு பல்லைக் கடித்தார். அவருக்குப் பின்னால் இஸ்திரிப் பெண்கள், பிறகு பாய்லர்க்காரர்கள், டீக்கடைக்காரர். பட்டை பூட்டுகிற சத்தம் சுவரோரமாக வரிசையாகப் போனது. ஒவ்வொரு சத்தத்துக்கும் என் உடம்பு லேசாகிக்கொண்டே வந்தது. கடைசிப் பட்டையும் பூட்டியபோது பிரசவம், புற்று எல்லாம் சேர்ந்து ஏதோ ஓர் ஊறலாக மட்டும் இருந்தது. ஷகிலா மூச்சை இழுத்துவிட்டு, எங்கேயோ சுளுக்கிக்கொண்டதுபோல் முகத்தைச் சுளித்தாள், அவ்வளவுதான்.

அப்போது ஒன்று நடந்தது. வாசல் முழுக்க நின்றவர்களின் வலது கைகள் ஒவ்வொன்றாக இடது தோளுக்குப் போயின.

இடுப்பு யாருடையது என்று அவர்களுக்குத் தெரியும். முதுகெலும்பு யாருடையது என்றும் தெரியும். தோளைத் தடவியபடி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு எல்லோரும் தரையில் உட்கார்ந்திருந்த என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. பதினைந்து வருஷமாக நான் ஒருத்தியாகக் காத்து வைத்திருந்ததை ஆளுக்குக் கொஞ்சமாகக் கிள்ளி எடுத்துக்கொண்டு நிற்கிறார்கள், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல்.

"இத்தையா இத்தினி வருசம் தனியா வச்சிக்கினு இருந்த?" என்றார் எத்திராஜ். நர்ஸ் படகில் வந்து இறங்கும் முன்பே பெண் குழந்தை பிறந்துவிட்டது.

மடிப்பு அறையில் தணிகாசலம் நாற்காலியிலேயே தூங்கிப்போயிருந்தான். வாய் லேசாகத் திறந்திருந்தது, குழந்தை மாதிரி மூச்சு விட்டான். நான் எதை நினைத்துப் பயந்தேனோ அந்த மூச்சுதான். அவன் கையிலிருக்கும் பட்டையை அறுத்துவிடலாம் என்று கிட்டே போனேன். யாருடைய முட்டியோ என் காலில் இழுத்தது. எத்திராஜ் படி ஏறிக்கொண்டிருந்தார். அங்கேயே நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன்.

அதன் பிறகு அவன் அதிக நாள் இருக்கவில்லை. ஒரு காலையில் தூக்கத்திலேயே போயிருந்தான். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. நிம்மதியான சாவு என்று எல்லோரும் சொன்னார்கள். என் வீட்டுக்காரருக்கு அது கிடைக்கவில்லை. அதற்காக நான் அவனை மன்னிக்கவில்லை, இனிமேலும் மன்னிக்கப் போவதில்லை.

எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. உறுப்பினர் யாராவது இறந்தால் அவர் கடைசியாகப் படுத்திருந்த விரிப்பு இயந்திரத்துக்குப் போகாது, சங்கத் தலைவர் கையால் துவைக்க வேண்டும். அதையும் ஏற்படுத்தியவள் நான்தான். வேறு யாராவது செய்யட்டும் என்று ஜெபமணி சொன்னாள். நான் விரிப்பை வாங்கிக்கொண்டு பின்பக்கத்துக் கல்லுக்குப் போனேன்.

தண்ணீரில் நனைத்து முதல் அடி அடித்தபோது தோளில் எதுவும் தெரியவில்லை. கையை எவ்வளவு உயர்த்தினாலும் தெரியவில்லை. அவனுடைய துணி என் கையில் இருக்கிறது, என் தோள் சும்மா இருக்கிறது. எனக்கு அது சகிக்கவில்லை. பட்டையைக் கழற்றிக் கல்மேல் வைத்தேன். எரிச்சல் முழுசாகத் திரும்பி வந்தது, எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே வந்தது. கண்ணில் நீர் கட்டியது. அப்படியே அடித்தேன். முனிரத்தினத்தின் பெயரைச் சொல்லிச் சொல்லி அந்த விரிப்பைக் கிழிகிற மாதிரி அடித்தேன்.

மாடி ஜன்னல் திறந்தது. எத்திராஜ் தலையை நீட்டினார். அவருக்குப் பின்னால் இஸ்திரிப் பெண்கள், கைக்குழந்தையோடு ஷகிலா. எல்லோருடைய கையும் இடது தோள்மேல் இருந்தது, தொலைத்த பொருளைத் தேடுகிறவர்கள் மாதிரி.

"நவநீதம், தோளைக் காணோமே. கயட்டிட்டியா?"

"ஆமா."

"அது உன்னுது மட்டும்னு நெனச்சிக்கினியா? எங்க பங்கை எங்களுக்குக் குடுத்துடு."

நான் அண்ணாந்து பார்க்கவில்லை. விரிப்பில் இன்னும் சோப்பு இருந்தது.

"அலசிட்டுத் தரேன், இருங்க" என்றேன்.